விட்டுப்போனவர் கணக்கு

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சட்டைக் கையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பாருங்கள். கால் ரூபாய் அளவில், நடுவில் குழிந்து, ஓரம் சுருங்கிய வட்டத் தழும்பு ஒன்றோ இரண்டோ தெரியும். அது பெரியம்மைக்குக் குத்தியது. நாற்பது வயதுக்காரர் கையில் அது இருக்காது. அவருக்கு இடது தோளில் சிறியதாக ஒரு தழும்பு மட்டும் இருக்கும். அது காசநோய்க்கான பி.சி.ஜி. உங்கள் பேரனுக்கும் அது உண்டு.

ஒரு தலைமுறையின் கையில் இருந்த தழும்பு அடுத்த தலைமுறையின் கையில் இல்லாமல் போனது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. "இந்த இதழுக்கு ஏதாவது வரலாறு எழுதுங்க சார்" என்று நம் செயலாளர் கேட்டபோது, ஈரோட்டுக் கோட்டையைப் பற்றியோ காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, 38 வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். தடுப்பூசியின் வரலாற்றைக் கணக்கு எழுதுபவனாகப் படித்தபோது ஒரு விஷயம் பட்டது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

தழும்புதான் ரசீது

இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-ல் மாட்டம்மைப் பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஆறே வருடத்தில் அது இந்தியா வந்துவிட்டது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தினார்கள். இந்தியாவில் முதலில் குத்திக்கொண்டது அந்தக் குழந்தைதான். அன்று குளிர்சாதனப் பெட்டி கிடையாது. ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தில் இருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் மருந்து ஊர் ஊராகப் போனது.

நம் சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலை ஏறினால் அந்தப் பக்கம் மைசூர்ச் சீமை. தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் 1805 வாக்கில் வரைந்த மைசூர் அரசகுலப் பெண்கள் மூவரின் படம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருவர் சேலையை விலக்கி மேற்கையைக் காட்டியபடி நிற்கிறார். அம்மை குத்திக்கொண்டதை ஊருக்குத் தெரிவிக்க வரைந்த படம் அது என்பது நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாசிரியரின் கருத்து. அரண்மனையே குத்திக்கொண்டது என்றால் குடிமக்களுக்குப் பயம் தெளியும் அல்லவா?

1880-ல் குறிப்பிட்ட நகராட்சிகளிலும் ராணுவக் குடியிருப்புகளிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1899-ல் சென்னை கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய கிங் ஆய்வு நிலையம். குத்தியவர் நோட்டில் எழுதினார். மேலதிகாரி சரிபார்க்க வந்தால் நோட்டை மட்டும் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். தழும்பு இருந்தால் வரவு உண்டு. தழும்புதான் ரசீது.

மூன்று தழும்பும் ஒன்றுமில்லாத கையும்

நான் பிறந்தது பவானிக்கும் கவுந்தப்பாடிக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில். அறுபதுகளில் அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வருவார். அவர் வருகிறார் என்றால் நாங்கள் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒளிய முடியாது. வாத்தியார் வரிசையில் நிற்க வைத்துவிடுவார். இப்படி எனக்கு மூன்று முறை குத்தினார்கள். அந்த மூன்று தழும்பும் இன்றும் இருக்கின்றன.

எங்கள் தோட்டத்து ஓரத்துச் சாளையில் பண்ணைய வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருந்தது. அறுவடைக்கு ஒரு ஊர், கரும்பு வெட்ட ஒரு ஊர் என்று போய்வருகிறவர்கள். அவர்களுக்கு என் வயதில் ஒரு பையன். அவன் பள்ளிக்கூடம் வந்ததில்லை. குத்துகிறவர் வந்த நாள்களில் அவர்கள் ஊரில் இருந்ததும் இல்லை. ஒரு கோடையில் அவனுக்குக் கண்டது. "ஆத்தா எறங்கியிருக்கா, அந்தப் பக்கம் போகாத கண்ணு" என்று அம்மா தடுத்துவிட்டாள். சாளை வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அவன் பிழைத்துக்கொண்டான். ஒரு கண் மட்டும் போய்விட்டது. பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அரசாங்க நோட்டில் எங்கள் ஊருக்கு என் பெயரில் மட்டும் மூன்று குத்து. அவன் பெயரில் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று குத்து என்றால் காகிதத்தில் நூற்றைம்பது சதவீதம். சாளையில் ஒரு கண் போய்விட்டது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்தது அல்ல. 1962-ல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது, மூன்று வருடத்தில் மக்கள்தொகையில் 80 சதவீதத்துக்குக் குத்திவிட்டால் நோய் தானாக அற்றுப்போகும் என்று போட்ட கணக்கு. குத்திய எண்ணிக்கை கோடிக்கணக்கில் ஏறியது, ஆனால் நோய் போகவில்லை. திரும்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எளிதில் கைக்கு எட்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கே மறுபடி மறுபடி குத்தியிருந்தார்கள். கைக்குழந்தைகளும், ஊர் விட்டு ஊர் போகும் கூலிக் குடும்பங்களும், நகரத்துக் குடிசைவாசிகளும் விட்டுப்போயிருந்தார்கள். எண்ணியது ஊசியை, ஆளை அல்ல.

தேடிப்போன கணக்கு

சென்னைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் பல வருடம் பெரியம்மை நோயாளிகளைக் கவனித்து எழுதிவைத்தார். நோய் காற்றோடு ஊர் முழுக்கப் பறப்பதில்லை, பெரும்பாலும் நோயாளியோடு நெருங்கிப் பழகுகிற வீட்டாருக்கும் உறவுக்கும்தான் போகிறது என்பது அவர் கண்டது. அப்படியானால் ஒவ்வொரு நோயாளியையும் கண்டுபிடித்து, அவரைச் சுற்றி இருப்பவர்களில் விட்டுப்போனவர்களுக்குக் குத்தினால் சங்கிலி அறுந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்துக்குள் தமிழ்நாட்டில் பெரியம்மை அடங்கிவிட்டது.

வடக்கே அப்படி இல்லை. 1974-ல் பீகாரில் பெரும் கொள்ளையாகப் பரவியது. அதற்கு முந்தைய வருடமே வழியை மாற்றியிருந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் பெரியம்மைக் குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் பிடித்து வீடு வீடாக, சந்தை சந்தையாகப் போனார்கள். "எத்தனை பேருக்குக் குத்தினீர்கள்?" என்ற கேள்வி போய், "எங்கே இன்னும் நோய் இருக்கிறது?" என்ற கேள்வி வந்தது. புதிய நோயாளியைப் பற்றித் தகவல் தருகிறவருக்கு 1975-ல் ஆயிரம் ரூபாய் பரிசு. அன்று அது பலருக்குப் பல மாதக் கூலி.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் கதை முடிந்தது. 1980 மே 8 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சபை, பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தது. பீடித்தவர்களில் பத்தில் மூவரைக் கொன்ற நோய் அது. அதன் பிறகு குத்துவதையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் மகனின் கையில் அந்தத் தழும்பு இல்லாததற்கு இதுதான் காரணம்.

பங்குனியில் நம் பெரிய மாரியம்மன் கோயில் கம்பத்துக்கு மஞ்சள் நீரும் வேப்பிலையுமாகக் குடத்தோடு போகிறோம். கோவையில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பயத்தை நேரில் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. கும்பிடுவதை யாரும் விட வேண்டாம். நம் பாட்டிமார் கும்பிட்டுக்கொண்டேதான் பிள்ளையைக் குத்துகிறவரிடமும் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

காலியாக இருந்த கட்டம்

பெரியம்மை போனதும் மற்ற நோய்களின் பக்கம் அரசு திரும்பியது. 1978-ல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம், 1985 நவம்பர் 19-ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம். காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை என்று ஆறு நோய்கள். இந்த ஊசிகளில் பி.சி.ஜி. தவிர எதுவும் தழும்பு விடுவதில்லை. கையைப் பார்த்துக் கணக்கு எடுக்கிற காலம் முடிந்தது. ரசீது அட்டைக்கு மாறியது.

இங்கே என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் 1988-ல் பிறந்தாள். அட்டை கொடுத்தார்கள். முதல் நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதம். எட்டாம் மாதத்தில் எனக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. வீடு பார்த்து, சாமான் ஏற்றி, இறக்கி, பழைய ஊர் நர்ஸ் எங்களைத் தேடியிருப்பார், புது ஊர் நர்ஸுக்கு நாங்கள் வந்ததே தெரியாது. அட்டை ஒரு தகரப் பெட்டிக்குள் போய்விட்டது.

அவளுக்கு நாலு வயது இருக்கும்போது தட்டம்மை கண்டது. மணல்வாரி எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். நாலாம் நாள் மூச்சு இழுத்தது. நிமோனியா. ஆறு நாள் ஆஸ்பத்திரியில். டாக்டர் அட்டையைக் கேட்டார். பெட்டியைக் குடைந்து எடுத்துப் போனேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. காலியாக இருந்த கட்டத்தின் மேல் பேனாவை வைத்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் யார்? மாலை கேஷ் ஐந்து பைசா இடித்தால்கூட இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்து டாலி செய்துவிட்டு வீட்டுக்குப் போனவன். ஊரார் கணக்கில் ஐந்து பைசாவைத் தேடியவன் என் பிள்ளை அட்டையில் ஒரு கட்டத்தைப் பார்க்கவில்லை. மகள் நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தப் பேனா முனை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சுண்ணக்கட்டிக் குறி

விட்டுப்போனவரைத் தேடும் கணக்கை முழுமையாகப் போட்டுக் காட்டியது போலியோ ஒழிப்பு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேலை நாடுகளில் போதுமாக இருந்த மூன்று தவணைச் சொட்டு நம் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்பதை ஆய்ந்து சொன்னவர். அதிகத் தவணை தேவை, ஊர் முழுக்க ஒரே நாளில் கொடுப்பது நல்லது என்ற வழி பிறகு நாடு முழுக்கப் பரவியது. 1995 டிசம்பரில் நாடு தழுவிய போலியோ ஞாயிறுகள் தொடங்கின. மணிக்கூண்டு, பேருந்து நிலையம், ரயில்வே ஜங்ஷன் என்று எங்கு பார்த்தாலும் மேசையும் நீலப் பெட்டியும். நம்மில் பலர் அங்கே தன்னார்வலர்களாக நின்றிருக்கிறோம். சொட்டு விட்டதும் இடது சுண்டுவிரலில் மை. மறுபடியும் தழும்பின் கணக்குதான், இந்த முறை வலி இல்லாமல்.

ஞாயிறு முடிந்ததும் வேலை முடியவில்லை. மறுநாள் முதல் வீடு வீடாகப் போவார்கள். வட மாநிலங்களில் எல்லாக் குழந்தையும் சொட்டு வாங்கிய வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் 'பி' என்று எழுதினார்கள். ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தாலும் 'எக்ஸ்'. மேற்பார்வையாளர் 'பி' வீடுகளை எண்ணிச் சந்தோஷப்பட மாட்டார். 'எக்ஸ்' வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போவார். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், நாடோடிகள் தங்கும் இடம் என்று தனிப் பட்டியல் வைத்தார்கள்.

2009-ல் இந்தியாவில் போலியோ கண்டவர்கள் 741 பேர். 2010-ல் 42. 2011-ல் ஒரே ஒருவர், மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி. அவளுக்கு நோய் கண்ட 2011 ஜனவரி 13-க்குப் பிறகு இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது.

நம் மாநிலத்தின் ஏற்றமும் இறக்கமும்

இப்போது நாம் பெருமையாகப் பேசும் தமிழ்நாட்டுக்கு வருவோம். தடுப்பூசிக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, துறை தானே எழுதுவது. இத்தனை குழந்தைகள் இருக்கும் என்று மதிப்பிட்டு, அதில் இத்தனை பேருக்குப் போட்டோம் என்பது. மதிப்பீடு குறைந்துவிட்டால் இது நூற்றைத் தாண்டிக்கூடப் போகும். இன்னொன்று, தேசியக் குடும்ப நல ஆய்வு. வெளியாட்கள் வீட்டுக் கதவைத் தட்டி, 12 முதல் 23 மாதக் குழந்தையின் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது. அட்டை இல்லாவிட்டால் தாயிடம் கேட்பது. வங்கிக்காரர்களுக்குப் புரியும்: முதலாவது கிளையின் லெட்ஜர், இரண்டாவது சொல்லாமல் வந்து நிற்கும் இன்ஸ்பெக்ஷன்.

அந்த இன்ஸ்பெக்ஷனில் நம் மாநிலம் வாங்கிய மதிப்பெண் இது. எல்லா அடிப்படைத் தடுப்பூசியும் பெற்ற குழந்தைகள் 1992-93-ல் 64.9 சதவீதம். 1998-99-ல் 88.8. அன்று இந்திய மாநிலங்களிலேயே முதலிடம், நாட்டின் சராசரியோ வெறும் 42. 2005-06-ல் 80.9. 2015-16-ல் 69.7. நாடு 43.5-ல் இருந்து 62-க்கு ஏறிக்கொண்டிருந்த அதே பத்து வருடத்தில் நாம் பதினோரு புள்ளி இறங்கியிருந்தோம்.

எண் ஏன் இறங்கியது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் நடந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 2008 ஜனவரியில், உற்பத்தித் தரம் போதவில்லை என்று மூன்று மத்திய அரசு தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். அதில் இரண்டு நம் மாநிலத்தில் இருப்பவை: கிண்டியின் பி.சி.ஜி. ஆய்வகமும், நமக்குப் பக்கத்துக் குன்னூரில் 1907 முதல் இருக்கும் பாஸ்டர் நிலையமும். உரிமம் 2010-ல்தான் திரும்பி வந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின. அந்தத் தாய்மார்களின் துயரத்துக்கு முன்னால் எந்தச் சதவீதமும் நிற்காது. அரசு உடனே, கிராமத்துக்கே போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னிலையில் மட்டும் போட வேண்டும் என்று ஆக்கியது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் ஊசி வீட்டு வாசலில் இருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்துக்குப் போய்விட்டது. கூலியை விட்டுவிட்டுப் போக முடிந்தவர்கள் போனார்கள். முடியாதவர்கள் விட்டுப்போனார்கள். கிராமத்து ஊசி நாள்கள் பிறகு படிப்படியாகத் திரும்ப வந்தன.

மாற்றம் வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணிலேயே குழந்தையின் ஊசிகளையும் தொடரும் 'பிக்மி' பதிவு நம் மாநிலத்தில் வேரூன்றியது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் இந்திரதனுஷ் இயக்கம் வந்தது. அதன் வேலையே விட்டுப்போன குழந்தைகளைத் தேடுவதுதான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி ஓடியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அதையும் தாண்டினோம். 2019-21 ஆய்வில் தமிழ்நாடு 89.2. இருபது வருடம் கழித்து, 1998-ல் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறோம்.

இந்த இறக்கத்தைத் துறையின் லெட்ஜரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் அறிந்திருக்கவே மாட்டோம். கதவைத் தட்டி அட்டையைப் பார்த்ததால்தான் தெரிந்தது. தெரிந்ததால்தான் ஏறினோம்.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

"89 சதவீதம் நல்ல மார்க்தானே?" என்று கேட்பீர்கள். தட்டம்மைக்குப் போதாது. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத இடத்தில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அதை நிறுத்த, நூற்றில் 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரு தவணைக்கும் இரண்டு தவணைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகவே பாருங்கள். நூறு குழந்தைகளில் 95 பேர் ஒன்பதாம் மாத ஊசி மட்டும் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு தவணை ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கே பிடிக்கும். ஆகப் பாதுகாப்பு பெற்றவர்கள் 81 பேர், பெறாதவர்கள் 19 பேர். அதே 95 பேரும் ஒன்றரை வயதுத் தவணையையும் போட்டால் 97 சதவீதம் பேருக்குப் பிடிக்கும். அப்போது வெளியே நிற்பவர்கள் 8 பேர்தான். இரண்டாவது தவணையைத்தான் பலர் மறக்கிறார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிடுகிறது, அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

அடுத்தது, சராசரி என்பது ஒரு திரை. 2025-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 700 பேருக்கு மேல் தட்டம்மை கண்டது. பள்ளிக்கே போகும் வயதில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மாநிலம் முழுக்கப் பார்த்தால் மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் நோய் மையம் கொண்ட கெய்ன்ஸ் என்ற பகுதியில் அது 82 சதவீதம்தான். நோய் மாநிலச் சராசரியைப் படித்துவிட்டு வருவதில்லை. ஓட்டை இருக்கும் இடத்தில் நுழைகிறது. நம் நாட்டில் 2022-ல் மும்பையின் கோவண்டிப் பகுதியில் நடந்ததும் இதுவே.

இதில் இன்னொரு நியாயமும் உண்டு. ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்குத் தட்டம்மை ஊசி வழக்கமாகப் போடுவதில்லை. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் போட முடியாது. இவர்கள் தாங்களாகக் காத்துக்கொள்ள இயலாதவர்கள். லிஃப்ட்டில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கும் நாம்தான் அவர்களுடைய ஊசி.

நம் வளாகத்துக்கு வருவோம்

நம் 180 வீடுகளில் யாருக்கு என்ன ஊசி விட்டுப்போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெங்களூரில் இருந்தும் ஹைதராபாத்தில் இருந்தும் வேலை மாற்றலில் வந்த இளம் குடும்பங்கள் நிறைய. என் மகளுக்கு நடந்தது இந்த மாதிரி மாற்றலில்தான். வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்பக்கக் காம்பவுண்டுக்கு அப்பால் எழும்பும் கட்டடத்தின் தகரக் கொட்டகைகளில் பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. மாலையில் அந்தப் பிள்ளைகள் நம் ஜெனரேட்டர் அறைப் பக்கம் விளையாடுவதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எங்கள் தோட்டத்துச் சாளைதான் ஞாபகம் வருகிறது.

சங்கக் கூட்டத்தில் பேசி, கீழ்க்கண்டபடி செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம்.

ஒன்று: அடுத்த மாதப் பராமரிப்பு பில்லோடு ஒரு சிறு சீட்டு வரும். அதில் பெயரோ வீட்டு எண்ணோ கேட்க மாட்டோம். பிள்ளையின் வயது, அட்டையில் அந்த வயதுக்கு உரிய கட்டங்கள் நிரம்பியிருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். நிரப்பிச் செக்யூரிட்டி அறைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். சங்கத்துக்கு எண்ணிக்கை போதும். காலிக் கட்டம் யாருடையது என்பது அட்டையை எடுத்துப் பார்க்கும் உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தச் சீட்டின் நோக்கமே உங்களை ஒருமுறை பீரோவைத் திறக்க வைப்பதுதான். யார் வீட்டில் போடவில்லை என்று யாரும் யாரையும் விசாரிக்க வேண்டாம். அப்படி விசாரித்தால் அடுத்த முறை ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

இரண்டு: எண்ணிக்கையைப் பார்த்து, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரை ஒரு புதன்கிழமை நம் சமுதாயக் கூடத்துக்கு அழைப்போம். புதன்தான் நம் மாநிலத்தில் வழக்கமான ஊசி நாள்.

மூன்று: அன்று கூடத்தின் கதவு வெளியில் இருந்து வரும் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும். அரசுத் தடுப்பூசி எந்த மாநிலத்துக் குழந்தைக்கும் இலவசம். கொட்டகைக் குடும்பங்களிடம் இந்தியில் பேசிச் சொல்ல இருவர் வேண்டும். தெரிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வேலைக்கு வரும் பெண்களிடம் நீங்களே சொல்லுங்கள். அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

நான்கு: அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, தாத்தா பாட்டிக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். இப்போது 'யூ-வின்' தளத்திலும் பதிவு இருக்கிறது. இருந்தாலும் படம் ஒன்று கையில் இருக்கட்டும். வீடு மாறும்போது முதலில் தொலைவது அட்டைதான். அனுபவத்தில் சொல்கிறேன்.

என் மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவள் பையனுக்கு ஒவ்வொரு ஊசி போட்டதும் அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாள். "டாலி ஆகுதாப்பா?" என்று கீழே எழுதுவாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிரம்பிய கட்டங்களை விட்டுவிட்டு, காலியாக ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். போன வாரம் வந்த படத்தில் ஒன்றரை வயதுக் கட்டமும் நிரம்பியிருந்தது.

அடுத்த மாதம் சீட்டு வரும்போது தள்ளிப்போடாமல் அன்றே பீரோவைத் திறந்து பாருங்கள். பெட்டியைத் திறந்து எண்ணும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கட்டம் காலி, புதன்கிழமைக்குப் பிறகு எத்தனை நிரம்பியது என்ற மூன்று எண்ணையும் அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன், நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.